முதல் மார்க் வாங்கிய காளை

தல்லாகுளம்
8 ஏப்ரல் 2025

மேரிக்கு,

நீ என் நம்பரை பிளாக் செய்து பதினெட்டு நாளாகிறது. ஆபீஸ் போனில் கூப்பிட்டாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் நைட்ரஜன் வண்டி ஓட்டும் தவசி அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாளை உறைவிந்து வைக்கும் உன் கேனில் நைட்ரஜன் நிரப்ப வரும்போது அவர் நீட்டினால் நீ வாங்காமல் இருக்க மாட்டாய். அவர்மேல் உனக்குக் கோபம் ஒன்றும் இல்லையே.

மார்ச் கூட்டத்தில் நாற்பது பேர் முன்னால் உன்னைப் பார்த்து, "அழுகையைக் கொண்டு வராதே, எண்ணைக் கொண்டு வா" என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன விதம் தப்பு. சொன்ன விஷயம் தப்பில்லை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். இதை மறைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் நீ கண்டுபிடித்துவிடுவாய். ஆறாம் வகுப்பிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்தவள் நீ.

"மார்க், மார்க்" என்று நீ கேலி செய்ததால் ஒருமுறை எழுதிவிடுகிறேன். ஒரு காளை நல்லதா என்று பார்க்க அதன் மகள்கள் கறக்கும் பாலை மட்டும் பார்த்தால் போதாது. பாலில் கொழுப்பு எவ்வளவு, மாடு எத்தனை மாதத்தில் மறுபடி சினைப்படுகிறது, அந்தக் காளைக்குப் பட்ட சினையை ஈனும்போது சிரமம் உண்டா, எத்தனை மாடு சாகிறது, எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாலும் மாடு வளர்ப்பவர் வீட்டுக்கு எத்தனை ரூபாய் வரும், எத்தனை ரூபாய் போகும் என்று கணக்கிட்டு, கூட்டி, காளைக்கு ஒரே எண்ணாகக் கொடுக்கிறேன்; குறியீடு என்பது அதுதான். நான்கு வருட வேலை. முப்பத்து நான்கு காளைகளில் 214-ஆம் எண் காளைக்குத்தான் முதல் இடம். அதை நான் தூக்கிவிடவில்லை. அதுவாக வந்தது.

நீ 214-இன் உறைவிந்துக் குச்சிகள் நாற்பதையும் வண்டியிலேயே திருப்பி அனுப்பிவிட்டாய். என் மேலதிகாரி ஸ்ரீநாத் சார் உன்னிடம் விளக்கம் கேட்கச் சொல்கிறார். மாடுகளுக்குச் சினை ஊசி போடும் உன் வேலை ஒப்பந்த வேலை என்பதை மறந்துவிடாதே. அடுத்த வாரம் அந்த நாற்பதும் மறுபடி வரும். வாங்கி வைத்துக்கொள்.

வேணி


மேலூர்
16 ஏப்ரல் 2025

வேணி,

விளக்கம் கேட்டிருக்கிறாய். சரி, எழுதுகிறேன். உன் ஸ்ரீநாத் சாரிடமும் காட்டு.

பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. பாண்டிச்செல்வி வீட்டுக் கிடாரிக்குத் தலையீத்து, முதல் பிரசவம். கொட்டாம்பட்டி ரோட்டில் பால் சொசைட்டிக்குப் பின்னால் இருக்கிற வீடு. நீ வந்ததில்லை. புருஷன் குவாரியில் கல் விழுந்து போனதற்குப் பிறகு இரண்டு கிடாரிகளை வைத்துக்கொண்டுதான் அந்தப் பொம்பளை இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கிறாள். இரண்டு கிடாரிக்கும் ஊசி போட்டது நான்தான். இரண்டுக்கும் 214-தான் போட்டேன். முதல் மார்க் காளை என்று அவளிடம் பெருமையாக வேறு சொல்லியிருந்தேன்.

பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரமாகியும் முன்னங்கால் குளம்பு ரெண்டும் மட்டும் வெளியே தெரிந்தன. கையை விட்டுப் பார்த்தேன். கன்றின் தலை அந்தச் சின்ன இடுப்புக்குள் அடைத்துக்கொண்டு நின்றது. இங்கிருப்பவை எல்லாம் சின்ன உடம்பு ஜெர்சிக் கலப்பு என்று உனக்குத் தெரியும். 214-இன் கன்றுகளுக்கோ மண்டை பெரியது, தோள் அகலம். டாக்டர் வேறொரு ஊரில் இருந்தார், வந்து சேர ஒன்றரை மணி ஆயிற்று. நானும் பக்கத்து வீட்டுக் காசிமாயன் அண்ணனும் கயிறு கட்டி இழுத்தோம். கன்று செத்துத்தான் வந்தது. டாக்டர் உள்ளே வரும்போது கிடாரி தலையைக் கீழே போட்டிருந்தது.

பாண்டிச்செல்வி அழவில்லை. என்னைப் பார்த்து, "என்ன காளையத்தா போட்ட?" என்று கேட்டாள். நான் கையைக் கழுவப் போய்விட்டேன்.

இது ஒன்றுதான் என்று நினைக்காதே. என் கையால் ஊசி போட்டதில், எனக்குத் தெரிந்தே ஏழு கிடாரி இப்படிப் போயிருக்கிறது, எல்லாம் 214-தான். இதைச் சொல்லத்தான் கூட்டத்தில் எழுந்தேன். நீ என்னை உட்காரவைத்துவிட்டாய்.

எண் கேட்டாயே, ஏழு. இப்போது நான் கேட்கிறேன். உன் கம்ப்யூட்டரில் எத்தனை சாவு இருக்கிறது?

நாற்பது குச்சியும் இதே வண்டியில் திரும்பி வருகிறது.

மேரி


தல்லாகுளம்
29 ஏப்ரல் 2025

மேரிக்கு,

ஒன்று.

214-க்குச் சினைப்பட்டு ஈன்ற தலையீத்துக் கிடாரிகள் நூற்று எழுபத்து நான்கு. அதில் செத்தது ஒன்றே ஒன்று. இரண்டு முறை பார்த்தேன், அப்புறம் உன் மேல் உள்ள மரியாதையால் மூன்றாவது முறையும் பார்த்தேன். மேலூர்ப் பக்கத்தில் ஊசி போடும் நான்கு பேருடைய படிவங்களையும் சரிபார்த்துக் கீழே கையெழுத்துப் போடுவது நீதான். ஏழு செத்திருந்தால் "இறப்பு" கட்டத்தில் ஏழு டிக் இருக்க வேண்டுமே. பிப்ரவரியில் பாண்டிச்செல்வி என்ற பெயரில் எனக்கு ஒரு இறப்பும் வரவில்லை.

உன்னோடு சண்டை போட எனக்கு ஆசை இல்லை. ஆனால் நான்கு வருடம் இந்தக் குறியீட்டுக்காகச் சனி ஞாயிறு பார்க்காமல் உட்கார்ந்தேன். அம்மா எனக்கு வரன் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள், "கம்ப்யூட்டருக்கே கட்டிக்குடுத்துட்டோம்" என்று அப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். ஜூனில் மற்ற மாவட்டங்களுக்கும் இதைக் கொண்டுபோகிறார்கள். இந்த நேரத்தில், எங்கும் எழுதாத ஏழு சாவை நீ வாயால் சொன்னால் நான் என்ன செய்ய முடியும்?

ஒன்று மட்டும் எனக்கும் உறுத்துகிறது. 214-இன் சினைக் கிடாரிகளில் பதினேழு ஈன்ற கையோடு விற்கப்பட்டிருக்கின்றன. மற்ற காளைகளுக்கு இரண்டு, மூன்று, அவ்வளவுதான். விற்பனையை நான் நட்டமாக எடுப்பதில்லை, கணக்கிலிருந்து விலக்கிவிடுவேன். தலையீத்து மாட்டை இவ்வளவு பேர் ஏன் விற்கிறார்கள்? பால் கறக்கப்போகிற நேரத்தில் யாராவது விற்பார்களா? இதற்கு நீதான் காரணம் சொல்ல வேண்டும். பதினேழிலும் குறிப்புப் பகுதியில் ஒரே வாசகம், அதில் ஏழு உன் கையெழுத்தேதான்: "கை விட்டுப் போச்சு."

வேணி


மேலூர்
7 மே 2025

வேணி,

உன் கடிதத்தைச் சொசைட்டி வாசலில் நின்று படித்தேன். படித்துவிட்டு அங்கேயே பால் கேன் மேல் உட்கார்ந்துவிட்டேன். பால் அளக்கிற கனகா வந்து, "என்னக்கா, வீட்டுல எதுவும் ஆகிப்போச்சா?" என்று கேட்டாள்.

யாரும் விற்கவில்லை, வேணி. அவ்வளவும் செத்துப்போன மாடு.

இங்கே வீட்டில் நிற்கிற பசு போய்விட்டால் செத்துப்போச்சு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கை விட்டுப் போச்சு என்றுதான் சொல்வார்கள். மற்ற மாட்டின் காதில் அந்தச் சொல் விழக் கூடாதாம். மூட நம்பிக்கை என்று நீ சொல்லலாம். நான் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவள், எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கொட்டகையில் வெறும் முளைக்குச்சி நிற்கும்போது, அந்த வீட்டுப் பொம்பளை என் படிவத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "இறப்பு" என்ற கட்டத்தில் டிக் அடிக்க என் கை வரவில்லை. குறிப்பு என்று ஒரு இடம் இருந்தது. அவர்கள் சொன்னதை அப்படியே எழுதினேன். மற்ற மூன்று பேரும் அப்படித்தான் எழுதுவார்கள். படிக்கிறவருக்குப் புரியும் என்று இருந்தேன். தமிழ்தானே.

நீ ஏன் அதை விற்பனை என்று போட்டாய்? எந்த ஊரில் கை விட்டுப் போச்சு என்றால் விற்றது என்று அர்த்தம்?

பத்து நாளைக்கு முன்னால் ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே என்று திட்ட வாயெடுத்தேன். பிளாக் பண்ணி வைத்திருப்பது நான். அதனால் திட்டவில்லை.

மேரி


தல்லாகுளம்
20 மே 2025

மேரி,

எங்கள் கடையில்தான் அதற்கு அந்த அர்த்தம்.

வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம் என்று உனக்குத் தெரியும். நான் தமிழைப் பேசிப் பழகியது முக்கால்வாசி அப்பாவின் சேலைக் கடையில். நல்ல சேலை ஒன்று விற்றுவிட்டால், அதைத் தேடி வந்தவரிடம் அப்பா சொல்வார்: "நேத்துத்தாம்மா கை விட்டுப் போச்சு." சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருக்கும். உங்கள் படிவங்களைக் கட்டம் கட்டமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது அந்த வாசகத்தை முதன்முதலில் பார்த்தேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை. விற்பனைக்கு மூன்றாம் எண். மூன்று என்று போட்டேன். அதற்குப் பிறகு அந்த வாசகம் வந்த இடத்திலெல்லாம் கம்ப்யூட்டர் தானாகவே மூன்று போட்டுக்கொண்டது.

பதினேழு வீட்டுக்கும் போன் போட்டேன். மூன்று வீட்டில்தான், கன்று போன பிறகு, மாட்டை உண்மையிலேயே விற்றிருக்கிறார்கள். மிச்சம் பதினான்கும் பிரசவத்தில் போனவை. ஒருவர், "ஆபீஸ்லருந்து இப்பத்தான் கேக்கத் தோணுச்சாம்மா?" என்றார். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

நூற்று எழுபத்து நான்கில் பதினைந்து சாவு. திருப்பிக் கணக்குப் போட்டதில் 214 முப்பத்தோராம் இடத்துக்குப் போய்விட்டது. அதன் மகள்கள் நன்றாகத்தான் கறக்கும், அதில் பொய் இல்லை. ஆனால் அந்த மகளைப் பெறுகிற தாய் பிழைக்க வேண்டுமே. கணக்கு என்னவோ சரியான கணக்குதான். நான் அதற்குள் போட்டதுதான் தப்பு. செத்த மாடுகளை விலக்கிவிட்டு, பிழைத்தவற்றை மட்டும் எண்ணி, இந்தக் காளையால் யாருக்கும் சிரமமில்லை என்று முதல் மார்க் கொடுத்திருக்கிறேன்.

214-இன் குச்சிகளை எல்லாக் கேனிலிருந்தும் திரும்ப வாங்க நேற்று உத்தரவு போய்விட்டது. ஆனால் ஏற்கெனவே அறுபத்திரண்டு கிடாரிகள் அதற்குச் சினை. ஜூன் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை ஈனும்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தவறு எப்படி நடந்தது என்று மேலே அனுப்ப ஒரு குறிப்புக் கேட்டார்கள். ஸ்ரீநாத் சாரே எழுதிக் கொண்டுவந்தார். "மேலூர்ப் பகுதிக் களப்பதிவில் உரிய கட்டத்தில் குறிக்காத பிழை" என்று இருந்தது. குறியீட்டைப் பற்றியோ என்னைப் பற்றியோ ஒரு வரி இல்லை. "எழுதியிருக்கிறதுல பொய் எதுவும் இல்லையேம்மா" என்றார். அது உண்மைதான், பொய் இல்லை. பாதிதான் இருந்தது.

நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன், மேரி. பயந்துபோய்ப் போட்டேன். காரணம் என்று சொல்ல என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

வேணி


மேலூர்
4 ஜூன் 2025

வேணி,

உத்தரவு வந்தது. ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லையாம். கேனை எடுத்துக்கொண்டுபோக வந்த தவசி அண்ணன் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. "எனக்கு ஒன்னும் தெரியாது தங்கச்சி, தூக்கிட்டு வரச் சொன்னாக" என்று வாசலிலேயே நின்றார். நான்தான் தூக்கிப்போய் வண்டியில் வைத்தேன். பதிமூன்று வருடம் என் ஸ்கூட்டியில் இருந்த கேன். இனி வண்டி என் வீட்டுப் பக்கம் வராது. பதில் எழுதினால் தபாலில் போடு.

எனக்குக் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். அம்புட்டுக் கோபம் இருக்கிறது. டிக் அடிக்காதது என் தப்பு, அதைக் கேட்டால் நானே ஒப்புக்கொண்டிருப்பேன். ஆனால் என் தப்பை மட்டும் எழுதி, உன் தப்பை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, அதில் நீ போய்க் கையெழுத்துப் போட்டாய் பார். பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் கேட்டபோது ஜன்னல் கண்ணாடியை உடைத்தது நான்தான் என்று முந்திக்கொண்டு எழுந்து நின்றவளா நீ? அன்றைக்கு உடைத்ததுகூட நான்தான்.

போகட்டும், வேலை போனதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் தனியார் பால் பண்ணைக்கு லாரி ஓட்டுகிறார், சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஊரில்தான் தலைகாட்ட முடியவில்லை, மாடு போனதெல்லாம் என் பிழையால்தான் என்று பேச்சு. முன்பெல்லாம் ஸ்கூட்டி சத்தம் கேட்டாலே, "மேரி, நம்ம மாடு கத்துதுத்தா, வந்து பாரு" என்று இழுத்துப்போவார்கள். இப்போது பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்புகிறார்கள்.

எனக்கு உன்னிடம் ஒன்றுதான் வேண்டும். அறுபத்திரண்டில் பத்தொன்பது நான் ஊசி போட்டது. என் நோட்டில் தேதியோடு இருக்கிறது. மிச்சம் நாற்பத்து மூன்றும் மற்ற மூன்று பேர் போட்டது. எந்த ஊர், எந்த வீடு, மாட்டின் காதில் மாட்டியிருக்கும் வில்லையின் எண் என்ன, எந்தத் தேதிக்கு ஈனும், எல்லாம் உன் கம்ப்யூட்டரில் இருக்கும். அதை அனுப்பு. முன்கூட்டித் தெரிந்தால் டாக்டரிடம் சொல்லிவைக்கலாம். கடைசி மாதம் தீவனத்தைக் கண்டபடி கொட்டிக் கன்றை இன்னும் பெருக்கவைக்காதீர்கள் என்று வீட்டுக்காரர்களிடம் சொல்லலாம். ஈனும் அன்றைக்கு ஆள் நிற்கலாம்.

வெளியாளுக்குக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருந்தால் அதையும் எழுது. நான் வீடு வீடாகப் போய்க் கண்டுபிடித்துக்கொள்கிறேன்.

பாக்கியமேரி


தல்லாகுளம்
12 ஜூன் 2025

மேரி,

பட்டியல் இத்துடன் இருக்கிறது. ஈனும் தேதி வரிசைப்படி அடுக்கியிருக்கிறேன். சின்ன இடுப்பு என்று முதல் சினைப் பரிசோதனையிலேயே குறித்திருந்த ஒன்பது கிடாரிகளுக்குச் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். வெளியாளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற சட்டம் இருக்கத்தான் செய்கிறது. உன் கடிதத்தில் பெயரை முழுசாக எழுதியிருந்தாய். நீ இதுவரை எனக்கு அப்படி எழுதியதில்லை.

திங்கள்கிழமை இரண்டாவது குறிப்பு ஒன்று எழுதி, ஸ்ரீநாத் சாருக்கு மேலே இருப்பவருக்கும், மேலூர்ப் பக்கத்துச் சொசைட்டி எல்லாவற்றுக்கும் அனுப்பிவிட்டேன். அந்த வாசகத்துக்கு மூன்று என்று போட்டது நான், ஒருவரையும் கேட்காமல் போட்டேன், மார்ச் கூட்டத்தில் நீ எழுந்து சொன்னபோது உட்காரவைத்ததும் நான் என்று எழுதியிருக்கிறேன். சொசைட்டிகளுக்கு ஏன் நேரடியாக அனுப்பினேன் என்று இப்போது தனி விசாரணை. குறியீட்டு வேலையை என்னிடமிருந்து எடுத்துவிடலாம். மாலையில் கோரிப்பாளையம் சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டியை எடுக்க மறந்து நின்றேன். கையெழுத்துப் போட்ட அன்றைக்கு ஒன்றும் நடக்காத மாதிரி வண்டி ஓட்டிப் போனேன் என்பதுதான் எனக்கு அவமானமாக இருக்கிறது.

இதனால் உன் வேலை திரும்பி வருமா என்று தெரியவில்லை. வரும் என்று எழுதி உன்னை ஏமாற்ற மாட்டேன்.

என்னிடம் வேலை இருக்கும்வரை குறியீட்டைத் திருத்திவிட வேண்டும் என்று பார்க்கிறேன். அதில் ஓரிடத்தில் நிற்கிறேன். தலையீத்தில் மாடு சாவதற்கு நான் வைத்திருந்த நட்டம், மாட்டின் சந்தை விலை மட்டும்தான். அது போதாது என்று இப்போது புரிகிறது. அந்த வருடத்துப் பால், மறு மாடு வாங்க வாங்கும் கடன், இன்னும் எனக்குத் தெரியாதது எவ்வளவோ இருக்கும். ஆனால் கடைசியில் ஓர் எண் போட்டுத்தான் ஆக வேண்டும். எண் இல்லாவிட்டால் அது கணக்கில் சேராது, கணக்கில் சேராவிட்டால் மறுபடி ஒரு 214 முதலிடத்துக்கு வந்துவிடும். உன்னால் முடிந்தால் பாண்டிச்செல்வியிடம் கேட்டுச் சொல். அந்த மாடு போனதில் அவர்களுக்கு மொத்தம் எவ்வளவு நட்டம்?

கேட்பதற்கே எனக்கு வாய் கூசுகிறது. தெரிந்தேதான் கேட்கிறேன்.

வேணி


மேலூர்
2 ஜூலை 2025

வேணி,

பட்டியலில் இதுவரை மூன்று ஈன்றிருக்கிறது. முதல் இரண்டும் பிழைத்தன. கன்றுகளும் பிழைத்தன. ஒன்றுக்கு டாக்டர் முன்கூட்டியே வந்து நின்றார். மூன்றாவது நேற்று, நாற்பத்து மூன்றில் ஒன்று, சிவப்புக் கோடு போட்ட கிடாரி. தாய் பிழைத்துவிட்டது, கன்று போய்விட்டது. வெளியே எடுக்க நாங்கள் நான்கு பேர் சேர்ந்து இழுத்தோம். உன் குறிப்பைச் சொசைட்டி போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு இரண்டு வீட்டில் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

நீ கேட்டதை பாண்டிச்செல்வியிடம் கேட்டேன். போகும்போதே திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். அவள் சோளத்தட்டை நறுக்கிக்கொண்டிருந்தாள். மெட்ராஸில் படித்துவிட்டு மதுரை ஆபீஸில் மார்க் போடுகிற பொண்ணு கேட்கிறாள் என்று சொன்னேன். அரிவாளைக் கீழே வைக்காமலேயே கேட்டாள். இன்னும் இரண்டு தட்டையை நறுக்கிப் போட்டாள். பிறகு சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நட்டத்த நான் சொன்னா அவுகளுக்கு எப்பிடித்தா வெளங்கும்? இன்னொன்னு நிக்கிதுல்ல, அதே காளைக்கிப் பட்டது. அது ஈங்குற அன்னிக்கி அவுகள வரச் சொல்லு. வந்து கயித்தப் பிடிச்சு இழுக்கட்டும். அது பொழச்சாலும் சரி, போனாலும் சரி, நின்னு பாத்துட்டு அவுகளே ஒரு நம்பரப் போட்டுக்கிறட்டும்."

வருவாள் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை.

அந்தக் கிடாரிக்கும் நீ சிவப்புக் கோடு போட்டிருக்கிறாய். தேதி ஒன்பதாம் தேதி என்று காட்டுகிறது, ஆனால் மடி இப்போதே இறங்கிவிட்டது, வாலடி தளர்ந்திருக்கிறது. திங்கள்கிழமையே ஈன்றுவிடும் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி வந்துவிடு, என் வீட்டில் தங்கிக்கொள்ளலாம். உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன், மேலூரில் இறங்கியதும் கூப்பிடு.

கன்றின் தலையைத் திருப்பிவிட உள்ளே கை போக வேண்டும். என் கை பெரியது, பிப்ரவரியில் பாதிக்கு மேல் போகவில்லை. உன் கை சின்னது. மோதிரத்தையும் வளையலையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு, நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வா.

மேரி